ஐந்தாவது வரியில் தங்கப்பன்

காரைக்கால்மேட்டுப் படகுச் சங்க அலுவலகத்தில் அமுதம் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். தலைவர்கள் நாலு பேர் மாறிவிட்டார்கள், மேசை மாறிவிட்டது, மின்விசிறிகூட ஒருமுறை மாறியது. அமுதம் மாறவில்லை. ஈரக்காலோடு உள்ளே வருகிறவனுக்கு வசவு, கம்ப்யூட்டர் பக்கத்தில் டீ கிளாஸை வைக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய வசவு. இப்போதைய தலைவர் நடராசனே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "வரலாமா தங்கச்சி" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார். சம்பளம் கொடுக்கிறவரும் அவர்தான், பயப்படுகிறவரும் அவர்தான்.

அவளை அந்த நாற்காலியில் கொண்டுவந்து உட்காரவைத்தது சுனாமி. அன்றைக்கு அவள் புருஷன் கடலுக்கே போகவில்லை. வீட்டில் பழையது சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கடல் வீடு தேடி வந்து கூட்டிக்கொண்டு போனது. எட்டு மாதக் குழந்தைக்குச் சளி என்று அமுதம் முந்தின நாளே தலத்தெருவில் அத்தை வீட்டுக்குப் போய்த் தங்கியிருந்ததால் அவளும் குழந்தையும் மிஞ்சினார்கள். பிறகு தொண்டு நிறுவனக்காரர்கள் தகரக் கொட்டகை போட்டுப் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தார்கள். பாதிப் பேர் ஒரு வாரத்தில் நின்றுவிட்டார்கள். அமுதம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கடைசிவரைக்கும் அடித்தாள்.

அந்தக் குழந்தைதான் அகரன். அவன் கடல் ஏற மாட்டான் என்பது அவள் போட்டுக்கொண்ட சபதம். மேட்டில் பதினெட்டு முடிந்த பையன்களுக்கெல்லாம் மீனவர் அடையாள அட்டை எடுத்துவிடுவார்கள். அந்த விண்ணப்பங்களை அடித்துக்கொடுக்கிறவளே அமுதம்தான். தன் பையனுக்கு மட்டும் அவள் எடுக்கவில்லை. கேட்டவர்களிடம், "அவனுக்கு எதுக்கு அந்த அட்டை, அவன் ஏசி ரூம்ல உக்காரப் போறவன்" என்பாள். திமிர் பிடித்தவள் என்றார்கள். திமிரில்லை, பயம். பயத்தைத் திமிராகப் பேசிவிட்டால் யாரும் அதற்குமேல் கேட்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

கடலுக்குப் போகிற ஒவ்வொரு படகுக்கும் ஒரு பட்டியல் உண்டு. ஏறுகிற ஆள்களின் பேர், அட்டை எண், போன் நம்பர், கரை திரும்பும் நேரம். முன்பெல்லாம் அதைக் காகிதத்தில் எழுதி டவுனில் இருக்கிற மீன்துறை அலுவலகத்துக்குக் கொடுத்தனுப்புவார்கள். பிறகு வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். போன வருஷம் கடிதம் வந்தது, இனிமேல் மெயிலில்தான் அனுப்ப வேண்டும், அதுவும் பிடிஎஃப்பாக, படகு கிளம்புகிறதற்கு முன்னால்.

சங்கத்தில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் மெயில் ஓடவில்லை என்று நடராசன் எங்கேயோ பிடித்து வேறொன்றைக் கொண்டுவந்து வைத்தார். டவுன் கடைக்காரன் ஒருவன் வந்து மெயிலைப் போட்டுக்கொடுத்துவிட்டுப் போனான். அமுதம் தினமும் பட்டியலை அடித்து அனுப்பிக்கொண்டிருந்தாள். பதினோராவது நாள் டவுன் அலுவலகத்திலிருந்து கோபமாகக் கூப்பிட்டார்கள், உங்கள் ஊரிலிருந்து ஒரு பட்டியல்கூட வரவில்லை என்று. அமுதம் பதிலுக்குக் கோபப்பட்டாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் சும்மா இருந்த அகரனைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

அவன் ரெண்டு நிமிஷம் பார்த்துவிட்டுச் சிரித்தான். "ம்மா, இதெல்லாம் போவவே இல்ல. அவுட்பாக்ஸ்ல கெடக்கு."

"தெனமும் அனுப்புன்னு அமுக்குனேனேடா."

"அமுக்குன. அது வாங்கி வச்சுக்கிச்சு. பாஸ்வேர்டு தப்பு, உங்கிட்ட சொல்லியும் இருக்கு பாரு, கீழ செவப்புல. நீ படிக்கல."

"இங்கிலீசுல சொன்னா எனக்கென்ன தெரியும்."

அவள் போனை வாங்கி, அதில் வந்த எண்ணைப் போட்டு, என்னென்னவோ தட்டி, மதியச் சாப்பாட்டுக்குள் சரிசெய்துவிட்டான். அதோடு விடவில்லை. தமிழில் கட்டம் போட்டு ஒரு படிவம் செய்தான். பேர்களை நிரப்பிக் கீழே உள்ள பொத்தானை அமுக்கினால் அதுவே பிடிஎஃப்பாகி அதுவே மெயிலில் போய்விடும், போனதும் 'சென்றது' என்று பச்சையில் காட்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் போகாது.

"அட்டை எண் இல்லாதவன் ஏறுனா?" என்றாள்.

"சைபர் போடு, போயிடும். ஆனா பேரை மட்டும் சரியாப் போடும்மா. யாரு ஏறுறாங்களோ அவங்க பேரு."

அவன் அதை அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மேட்டில் ஒரு வழக்கம். படகில் நிரந்தரமாகப் போகிறவனுக்கு உடம்புக்கு முடியாவிட்டால் அவன் இடத்தில் ஒருநாள் வேறு ஆள் போவான். மாத்தாள் என்பார்கள். மாத்தாள் ஏறினாலும் பட்டியலில் பேர் பழைய ஆளுடையதுதான். பேரை எடுத்துவிட்டால் அந்தப் படகில் அவன் இடம் போயிற்று என்று அர்த்தம். அவன் பெண்டாட்டி அலுவலகத்துக்கே சண்டைக்கு வந்துவிடுவாள், வந்தும் இருக்கிறார்கள். தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும் என்றுதான் அமுதமும் இத்தனை வருஷம் நடத்தினாள். மகனிடமும் அதையே சொன்னாள்.

"அப்பறம் லிஸ்ட்டு எதுக்கும்மா" என்றான் அவன்.

அதற்குள் அவள் திரையைப் பார்த்துவிட்டாள். சோதித்துப் பார்ப்பதற்காக முதல் வரியில் தன் பேரையே அடித்திருந்தான். அமுதம் அவன் பின்மண்டையில் ஒன்று வைத்தாள்.

"அழி."

"டெஸ்ட்டும்மா. உன் மெயிலுக்குத்தான் அனுப்பிப் பாத்தேன்."

"டெஸ்ட்டுக்கு வேற பேரு கெடைக்கல? கடலுக்குப் போற லிஸ்ட்டுல உன் பேரு வரக்கூடாது. அழிடா."

சிரித்துக்கொண்டே அழித்தான். கட்டம் வெள்ளையானதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. அவன் எழுந்து வெளியே போகும்போது வழக்கம்போலச் சொன்னாள், "சோறு வடிக்கிறதுக்குள்ள வீடு வந்து சேரு." இருபத்திரண்டு வயசுப் பையனிடம் ஐந்து வயசிலிருந்து சொல்லிவந்ததையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவனும் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

மாசி மாதம் அவனுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. நிஜமாகவே ஏசி அறைதான். திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்கு முந்தின புதன்கிழமை மத்தியானம் நடராசன் வாசலில் நின்று தயங்கினார். அவருடைய ஃபைபர் படகில் போகும் தங்கப்பனுக்குக் காய்ச்சல். அஞ்சு பேர் போகிற படகுக்கு நாலு பேர்தான் இருக்கிறார்கள். அவர் பேச்சை முடிக்கவில்லை, பின்னால் அகரன் நின்றான்.

"ஒரே ஒரு தடவைம்மா. மேட்டுல பொறந்து கடல் ஏறாதவன் நான் ஒருத்தன்தான். மெட்ராசுல போயி எங்க ஊரு கடலோரம்னு சொல்லுவேன், மீன் புடிச்சிருக்கியான்னு கேட்டா என்னான்னு சொல்றது? சாயங்காலம் போயி காலைல வந்துடப்போறேன்."

வேறொரு சமயமாக இருந்தால் அமுதம் நடராசனையும் சேர்த்துத் தெருவில் இறக்கியிருப்பாள். அன்றைக்கு அவள் மனசு இளகியிருந்தது. இன்னும் நாலே நாள், பிறகு அவனுக்கும் இந்தக் கடலுக்கும் பேச்சே இல்லை என்ற நிம்மதியில் இருந்தாள். கடலும் அன்றைக்கு ஆடாமல் அசையாமல் கிடந்தது. சரி என்று சொல்லிவிட்டாள். அந்தச் 'சரி'யை அவள் இன்றைக்கும் மன்னிக்கவில்லை, ஆனால் அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது.

அவர்கள் வலையை ஏற்றிக்கொண்டிருந்தபோது அவள் பட்டியலைத் திறந்தாள். நாலு பேர் சரியாக இருந்தார்கள். ஐந்தாவது வரியில் தங்கப்பன். அந்தப் பேரை அழித்தாள். 'அ' என்று ஓர் எழுத்து அடித்தாள். அதற்குமேல் விரல் நகரவில்லை. சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலும் இப்படித்தான் கட்டம் போட்டு, வரிசை எண் போட்டு இருந்தது. அதில் புருஷன் பேரை அவள் விரல் வைத்துத் தேடியிருக்கிறாள். அந்த மாதிரி ஒரு கட்டத்துக்குள் தன் பிள்ளை பேரைத் தன் கையாலேயே போடுவதா? அவளால் முடியவில்லை.

மனசு அதற்குள் சாக்குகளை எடுத்துக்கொடுத்தது. அவனிடம் அட்டை இல்லை. மாத்தாள்தானே, வழக்கம்தானே. தங்கப்பன் பெண்டாட்டி வாயாடி. தலை எண்ணிக்கை அஞ்சு, அது சரியாகத்தான் இருக்கிறது. 'அ'வை அழித்துவிட்டுத் தங்கப்பனை மறுபடி அடித்தாள். அவன் அட்டை எண், அவன் போன் நம்பர். பொத்தானை அமுக்கினாள். பச்சையில் 'சென்றது' என்று வந்தது.

அகரன் ஜன்னலருகே வந்து தன் போனை நீட்டினான். "வச்சிரும்மா, தண்ணி பட்டா போயிடும். லிஸ்ட்டு அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்."

யார் பேரைப் போட்டாய் என்று அவன் கேட்கவில்லை. அவன் செய்துகொடுத்த படிவம், அம்மா அனுப்பியிருக்கிறாள், அவனுக்கு அதில் சந்தேகம் எதற்கு.

விடியற்காலையில் நடந்தது பிறகுதான் தெரிந்தது. தூரத்தில் போன பெரிய கப்பல் கிளப்பிவிட்ட அலை வரிசையாக வந்து குறுக்கே அடித்திருக்கிறது. வலை பாதி இழுத்த நிலையில் படகு ஒருபக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்துவிட்டது. இருட்டு. அஞ்சு பேரும் ஆளுக்கொரு திசையில் சிதறினார்கள். காலை ஒன்பது மணிக்கு வேறொரு படகுக்காரன் கவிழ்ந்த படகைப் பார்த்துவிட்டுப் போன் போட்டான். மேடே கரையில் கூடியது. டவுன் அலுவலகத்திலிருந்து தேடுகிற படகுகள் கிளம்பின. மேட்டிலிருந்தும் பன்னிரண்டு படகுகள் டீசல் ஊற்றி, எந்தப் பக்கம் தேடுவது என்று டவுனிலிருந்து சொல்வதற்காக இஞ்சினை ஓடவிட்டு நின்றன. அமுதம் அலுவலகத்தில் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். யாரையும் திட்டவில்லை. ஈரக்காலோடு எல்லாரும் உள்ளே வந்து நின்றார்கள்.

பதினொன்றரைக்குப் போன் அடித்தது. "அஞ்சு பேரும் பத்திரம்மா. உங்க லிஸ்ட்ட வச்சு ஒவ்வொரு பேரா சரிபாத்துட்டோம். தேடுறத நிறுத்தியாச்சு" என்றார் டவுன் அலுவலக அதிகாரி.

அவர் பொய் சொல்லவில்லை. ரெண்டு பேரை நாகப்பட்டினம் பக்கத்துப் படகு ஒன்று தூக்கியிருந்தது. ரெண்டு பேரைத் தேடப்போன படகு தூக்கியிருந்தது. ரெண்டு ஜோடியும் தனித்தனிக் கரையில், தனித்தனி ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அகரன் மற்ற ஜோடியோடு இருப்பான் என்று ஒவ்வொரு ஜோடியும் நினைத்தது. பட்டியலில் பாக்கியிருந்தது ஐந்தாவது பேர். அதிகாரி அந்த வரியில் இருந்த நம்பருக்குத் தானே போன் போட்டார். காய்ச்சல் மயக்கத்தில் படுத்திருந்த தங்கப்பன் எடுத்தான். "தங்கப்பனா? எங்க இருக்கீங்க?" "வீட்லதான் சார் இருக்கேன்." யாரோ படகில் ஏற்றிக் கரை சேர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று எண்ணி அவர் ஐந்தாவது பேருக்கும் டிக் அடித்தார்.

அமுதம் எதையும் கேட்கவில்லை. யார் யார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அஞ்சு பேர் என்றதே அவளுக்குப் போதுமாக இருந்தது. கம்ப்யூட்டர் திரையைக் கையால் தடவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு ஊர் மைக்கைப் பிடித்தாள். "எல்லாரும் பத்திரமா இருக்காங்க. அஞ்சு பேரும். யாரும் படகு எடுக்க வேணாம்." அழுகையும் சிரிப்புமாக மூன்று தரம் சொன்னாள். பன்னிரண்டு படகின் இஞ்சினும் ஒவ்வொன்றாக நின்றது.

வீட்டுக்குப் போய்க் குளித்தாள். வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தாள். சோற்றை வடித்தாள். வந்ததும் நாலு அறை கொடுத்துவிட்டுத்தான் சாப்பாடு போடுவது என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த மத்தியானம் வேறு கிடையாது. அந்த மத்தியானம் முழுக்கக் கடலில் தேட ஒரு படகும் இல்லை.

அஞ்சு மணிக்கு ஒரு வேனில் ரெண்டு பேர் வந்து இறங்கினார்கள். அவள் வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். "அவன் அவங்களோட வரான் யக்கா" என்றான் ஒருவன். பத்து நிமிஷத்தில் ஜீப் வந்தது. அதிலும் ரெண்டு பேர். இறங்கின ரெண்டு பேரும் நின்றிருந்த ரெண்டு பேரைப் பார்த்தார்கள். நாலு பேரும் அமுதத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்தார்கள்.

நடராசன்தான் போன் போட்டார். அதிகாரியின் குரல் கம்மிப்போயிருந்தது. "அந்தப் பேரே லிஸ்ட்டுல இல்லையேங்க. உடனே படகை மறுபடி தேட அனுப்பச் சொல்லிடறேன். திருத்துன லிஸ்ட்ட மட்டும் இப்பவே மெயில் பண்ணிடுங்க."

அமுதம் தானே உட்கார்ந்தாள். வேறு யாரையும் கம்ப்யூட்டரைத் தொட விடவில்லை. ஐந்தாவது வரியை முழுக்க அழித்து, அகரன் என்றும் அவன் போன் நம்பரையும் அடித்தாள். பொத்தானை அமுக்கினாள், போகவில்லை. அட்டை எண் கட்டம் காலியாக இருந்தது. சைபர் போடு, போயிடும். போட்டாள். பச்சையில் 'சென்றது' என்று வந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நேற்று மத்தியானமும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

எட்டு நாள் தேடினார்கள். மண்டபத்தூர் வரைக்கும் கரையோரம் நடந்து பார்த்தார்கள். அவன் கிடைக்கவில்லை.

தங்கப்பன் காய்ச்சல் விட்டதும் வந்து அவள் வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டான். "நான் அந்தப் போனை எடுக்காம இருந்திருக்கலாம்க்கா. எடுக்காம இருந்திருந்தா தேடிக்கிட்டே இருந்திருப்பாங்க." அவன் நெஞ்சில் அடித்துக்கொண்டான்.

"நீ என்ன பண்ணுவ. ஒம் பேரை அங்க வச்சது நான்" என்றாள் அமுதம். ஊரில் யாரும் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

நாற்பது நாள் கழித்து அவள் அலுவலகத்துக்குத் திரும்பி வந்தாள். இப்போதும் வசவு உண்டு, ஆனால் ஈரக்காலுக்கு இல்லை. படகில் ஏறுகிற ஒவ்வொருவனும் அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்று தன் வாயால் தன் பேரைச் சொல்ல வேண்டும். வலை தோளில் கிடந்தாலும் சரி, ஈரம் சொட்டினாலும் சரி, வரவேண்டும். மாத்தாள் என்ற சொல்லை அங்கே யாரும் சொல்வதில்லை. வந்து நிற்கிறவன் முகத்தைப் பார்த்துப் பேரை அடித்துவிட்டுத்தான் அவள் பொத்தானை அமுக்குவாள்.

போன வாரம் ஒரு மத்தியானம் மெயில் நிரம்பிவிட்டது, பழையதை அழித்தால்தான் புதிது போகும் என்று திரையில் வந்தது. வெளியே படகுகள் காத்துக்கொண்டிருந்தன. தமிழில் படிக்கிற மாதிரி அகரன்தான் மாற்றிவைத்துவிட்டுப் போயிருந்தான். அவள் கீழே, கீழே என்று நகர்த்திக்கொண்டே போனாள். அடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தேதியில், திறக்காத மெயில் ஒன்று தடித்த எழுத்தில் கிடந்தது. அவளுக்கு அவளே அனுப்பியது போல இருந்தது. 'டெஸ்ட்' என்று தலைப்பு.

திறந்தாள். அவன் செய்த படிவம். முதல் வரியில் அகரன். அட்டை எண் சைபர். போன் நம்பர் இருக்கவேண்டிய கட்டத்தில் அவளுடைய நம்பர். படகு கவிழ்ந்த அன்றைக்கு அந்த நம்பருக்கு ஒருவர் போன் போட்டிருந்தால் அவள் எடுத்திருப்பாள், இன்னும் வரவில்லையே என்று சொல்லியிருப்பாள். கடைசிக் கட்டம், கரை திரும்பும் நேரம். அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் கட்டத்தைப் பார்த்ததுமே அடித்து அழிக்கச் சொன்னாளே, கடைசிக் கட்டம்வரை அவள் படிக்கவில்லை.

அதில் எழுதியிருந்தான்: அம்மா சோறு வடிக்கிறதுக்குள்ள.

வாசலில் தங்கப்பன் வலையோடு நின்றுகொண்டிருந்தான், பேர் சொல்ல. அவள் அழுவதைப் பார்த்துவிட்டு உள்ளே வராமல் அப்படியே நின்றான். மெயிலை அழிக்கவா என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது. அமுதம் வேண்டாம் என்று அமுக்கினாள்.